4 அடியிலிருந்து 6 அடிக்கு: ரீஃப் தொட்டியின் குழாய் வேலையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரிய ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, மாறப்போகிறோம் என்று முடிவானதும் பேச்செல்லாம் லைட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), கண்ணாடி என்றே போகும். குழாய் வேலை கடைசியில் வரும், அதுவும் "பிளம்பரைக் கூப்பிட்டால் அரை நாளில் முடித்துவிடுவார்" என்ற அளவில். லைட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்கிம்மர் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். தொட்டித் தண்ணீர் கீழே உள்ள சம்ப் என்ற துணைத் தொட்டிக்கு இறங்கும், பம்பு அதை மறுபடி மேலே ஏற்றும். அப்படி இறங்குவதற்காகக் கண்ணாடியில் போட்ட ஓட்டையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஓட்டை எத்தனை, எங்கே, என்ன அளவு என்பதுதான் முதல் முடிவு.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எது அதிகத் தண்ணீர் தள்ளும், எது சத்தம் போடாது என்றுதான் வழக்கமாக ஒப்பிடுவார்கள். சென்னை மாதிரி ஊரில் அது பாதிக் கணக்கு. ஒவ்வொரு அமைப்பையும் நான் இரண்டு கேள்வியில் நிறுத்திப் பார்ப்பேன். கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? வீடு பூட்டிக் கிடக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால், யாரும் கை வைக்காமல் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்குமா? நல்ல பெயர் வாங்கிய பல அமைப்புகள் தடுமாறுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

பேசுவதற்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். இப்போது இருப்பது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 255 லிட்டர். போகப்போவது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 680 லிட்டர். நீளம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, தண்ணீர் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு, கீழே சம்ப் எல்லாம் சேர்த்தால் 1,100 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டு அறைகளுக்கு இந்தியத் தர விதி (ஐஎஸ் 875) வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நம் தொட்டி ஒரு சதுர மீட்டர் சொச்சத்தில் ஒரு டன்னை வைக்கிறது. அந்த 200 கிலோ அறை முழுவதற்கும் போட்ட கணக்கு என்பதால் உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மாடி வீடு என்றால் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஹாலின் நடுவில் வைக்கக் கூடாது. சுவரை ஒட்டி, பீமுக்கு மேல், அல்லது பீம்களுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அந்தச் செலவு ஒரு நல்ல வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் கருவி) விலைகூட வராது.

கண்ணாடியும் ஓட்டையும்

6 அடிக்கு 2 அடி உயரத்தில், மேலே சுற்றிப் பட்டை ஒட்டுவதாக இருந்தால் 12 மி.மீ. கண்ணாடி போதும். பட்டையே இல்லாத ரிம்லெஸ் அழகு வேண்டுமென்றால் 15, 19 என்று தடிமன் ஏறும், விலையும் ஏறும். இதில் நான் பட்டை பக்கம். பம்பு நின்று மறுபடி கிளம்பும்போது வரும் சின்ன அலையில் விளிம்பு தாண்டித் தெறிக்கும் தண்ணீரையும் அந்தப் பட்டை தடுக்கும்.

கண்ணாடிக் கடையில் மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. அடிக் கண்ணாடியை டஃபன் செய்து (சூடாக்கிக் கடினமாக்கி) போடுகிறார்களா? டஃபன் ஆன கண்ணாடியில் அப்புறம் ட்ரில் வைத்தால் மொத்தமாக நொறுங்கிவிடும். ஓட்டைகளை முதலிலேயே போட்டுவிட்டு அதற்குப் பிறகே டஃபன் செய்ய வேண்டும்.

ஓட்டை எங்கே என்பதற்கு மூன்று வழிகள். அடியில் ஓட்டை போட்டு, தொட்டியின் மூலையில் தண்ணீர் வழிந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டி கட்டுவது பழைய முறை. சுவரோடு ஒட்டித் தொட்டியை வைக்கலாம் என்பது இதன் லாபம். உள்ளே ஒரு மூலையைப் பெட்டி சாப்பிட்டுவிடுவது நஷ்டம். பின் கண்ணாடியில் மேலே ஓட்டை போட்டு, உள்ளே மெல்லிய பெட்டியும் வெளியே குழாய்களுக்கான பெட்டியும் வைப்பது இரண்டாவது. உள்ளே இடம் மிச்சம். நீர்ப்பரப்பின் மேல் படியும் எண்ணெய்ப் படலத்தையும் இது நன்றாக இழுக்கும். ஆனால் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே அரை அடியாவது விட வேண்டும். 2 அடி அகலத் தொட்டி இரண்டரை அடி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஹாலில் இடம் இருந்தால் இதையே போடுங்கள்.

மூன்றாவது, ஓட்டையே போடாமல் விளிம்பில் தொங்கவிட்டு, யு வடிவக் குழாயால் தண்ணீரை இழுக்கும் பெட்டி. வாடகை வீட்டுக்காரர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நாம் ஓட்டை போடுவது நம் தொட்டியில்தான், வீட்டுக்காரர் சுவரில் அல்ல என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெட்டியில் நாளாக நாளாகக் குழாயின் உச்சியில் காற்றுக் குமிழிகள் சேரும். கரண்ட் போய்த் திரும்பும்போது அந்தக் காற்றால் சைஃபன் (நீர் நிறைந்த குழாய் தானாகத் தண்ணீரை இழுக்கும் ஓட்டம்) அறுந்து கிடந்தால், கீழிருந்து பம்பு மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். சம்ப்பில் பம்பு அறை காலியாகும்வரை தண்ணீர் ஹாலில் ஓடும். பெரிய தொட்டிக்கு இதை யோசிக்கவே வேண்டாம்.

தண்ணீர் இறங்கும் வழி: டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல்

மூன்று பெயர்களும் அவற்றைப் பரப்பிய ஆர்வலர்களால் வந்தவை. டர்சோவில் இறங்குவது ஒரே குழாய். ஹெர்பியில் இரண்டு, பீன் அனிமலில் மூன்று. ஒப்பிடுவதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வோம். முன்பெல்லாம் தொட்டிக் கொள்ளளவைப் போல 10 மடங்கு ஒரு மணி நேரத்தில் சம்ப் வழியாகப் போக வேண்டும் என்பார்கள். இப்போது பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை வேவ்மேக்கர்கள் பார்த்துக்கொள்கின்றன. சம்ப்புக்கு 3 முதல் 5 மடங்கு தாராளம். நம் தொட்டிக்கு 5 மடங்கு என்றால் மணிக்கு 3,400 லிட்டர்.

டர்சோவில் குழாயின் தலையில் ஒரு T வடிவ இணைப்பும் (டீ) கீழ்நோக்கி வளைந்த எல்போவும் இருக்கும், மூடியில் ஒரு சின்னக் காற்று ஓட்டை. தண்ணீரும் காற்றும் கலந்தே இறங்கும். அதனால் குழாயின் முழுத் திறனும் கிடைக்காது; 1 அங்குலக் குழாயில் மணிக்கு 2,000 லிட்டரைத் தாண்டினாலே களகளவென்று கொப்பளிக்கும். நம் அளவுக்கு ஒன்றரை அங்குலம் வேண்டும், அப்போதும் ஹாலில் டிவி பார்ப்பவர் முகம் சுளிப்பார். ஆனால் இதில் திருக வேண்டிய வால்வு எதுவும் கிடையாது. கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் தானாக ஓடத் தொடங்கும். என் இரண்டாவது கேள்விக்கு முதல் மதிப்பெண் டர்சோவுக்குத்தான். சரி, பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? குழாய் ஒன்றுதான். ஒரு நத்தையோ, இடம் மாறிக்கொண்டே போகும் அனிமோனோ போய் அடைத்தால் மாற்று வழி இல்லை. 255 லிட்டரில் அந்த ஆபத்தைச் சமாளிக்கலாம், 680-ல் கூடாது.

ஹெர்பியில் ஒரு குழாய் முழுக்க முழுக்கத் தண்ணீரால் நிரம்பிய சைஃபனாக ஓடும். கீழே உள்ள கேட் வால்வைத் திருகி, ஏறும் தண்ணீரும் இறங்கும் தண்ணீரும் சமமாகும் இடத்தில் நிறுத்துவோம். இரண்டாவது குழாய் கொஞ்சம் உயரத்தில் வெறுமனே காத்திருக்கும், அவசரத்துக்கு. காற்றே கலக்காததால் சத்தம் இல்லை. சைஃபனாக ஓடும்போது 1 அங்குலக் குழாயே 3,400 லிட்டரை எளிதாக இறக்கிவிடும். பணத்துக்கும் இடத்துக்கும் இதைவிடச் சிக்கனமான அமைப்பு இல்லை.

சிக்கல் கரண்ட் திரும்பும் நொடியில் வருகிறது. பம்பு நின்றபோது சைஃபன் குழாயில் காற்று புகுந்திருக்கும். மறுபடி ஓட வேண்டுமென்றால் அந்தக் காற்று கீழ்முனை வழியாகக் குமிழி விட்டு வெளியேற வேண்டும். அதற்காகத்தான் குழாயின் கீழ்முனை சம்ப் நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலம் மட்டும் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் கரண்ட் போன நேரத்தில் மேலிருந்து இறங்கிய தண்ணீரால் சம்ப் மட்டம் பல அங்குலம் ஏறியிருக்கும். ஒரு அங்குலம் மூழ்கியிருந்த முனை இப்போது ஐந்தாறு அங்குலம் ஆழத்தில். காற்று சுலபத்தில் வெளியேறாது. சைஃபன் பிடிக்கும்வரை எல்லாத் தண்ணீரும் அவசரக் குழாய் வழியாகச் சத்தத்தோடு இறங்கும். பெரும்பாலும் ஒரு சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் போனால் நீங்கள் ஊரிலிருந்து வரும்வரை அவசரக் குழாயை நம்பித்தான் தொட்டி ஓடும். அதற்காகவே அவசரக் குழாயை சைஃபனைவிடப் பெரிதாக, ஒன்றரை அங்குலத்தில் போட வேண்டும். பம்பு முழு வேகத்தில் தள்ளுவதை அது தனியாகவே விழுங்கியாக வேண்டும்.

பீன் அனிமல் இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. சைஃபனுக்கும் அவசரக் குழாய்க்கும் நடுவே, டர்சோ போலக் காற்று கலந்து மெல்ல ஒழுகும் மூன்றாவது குழாய். வழக்கமான நாளில் அதில் கொஞ்சம் தண்ணீர்தான் போகும். ஏறுவதும் இறங்குவதும் அன்றாடம் சிறிது கூடிக் குறைவதை அதுவே சரிசெய்துகொள்ளும். வால்வை நாம் தொட வேண்டியதில்லை. கரண்ட் திரும்பும்போது சைஃபன் பிடிக்கும்வரை சுமையை இது ஏற்கும். இதன் மூடியிலிருந்து ஒரு காற்றுக் குழாய் வந்து ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே முடியும். சைஃபன் அடைத்துக்கொண்டு மட்டம் ஏறினால் அந்தக் காற்றுக் குழாயின் வாய் மூழ்கும், காற்று நிற்கும், இந்தக் குழாயே சைஃபனாக மாறிவிடும். அதுவும் போதாவிட்டால் அவசரக் குழாய் இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை மூன்று ஓட்டைகள், நீளமான பெட்டி, பின்னால் அரை அடி இடம்.

ஆக, வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள், இடம் குறைவு என்றால் ஹெர்பி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் குடும்பம் என்றால் பீன் அனிமல். 680 லிட்டர் தொட்டிக்கு நான் பீன் அனிமல்தான் சொல்வேன்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சங்கடம். ஹெர்பிக்கும் பீன் அனிமலுக்கும் கேட் வால்வு தேவை, பால் வால்வு உதவாது. பால் வால்வு கால் திருப்பில் மூடிக்கொள்ளும். நூலளவு திருப்பி சைஃபனைச் சமன் செய்ய அதில் வழியில்லை. ஆனால் நம் ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பித்தளையையோ கன்மெட்டலையோதான் எடுத்து வைப்பார்கள். இரண்டிலும் செம்பு இருக்கிறது. பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். பிளாஸ்டிக் கேட் வால்வை ஆன்லைனில் தருவித்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

எந்தக் குழாய்?

செம்பைப் பற்றிச் சொன்னதால் பிளம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல வேலைக்காரர், குழாய் வெட்டினால் ஒரு பிசிறு இருக்காது. பம்புக்கு மேலே த்ரெட் வரும் இடத்தில் பையிலிருந்து ஒரு எஃப்டிஏவை (உள்பக்கம் த்ரெட் உள்ள இணைப்பு) எடுத்தார். வெளியே வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே மஞ்சளாக ஒரு வளையம் மின்னியது. பித்தளை வேண்டாம் என்றேன். "பிளாஸ்டிக் த்ரெட்டு நிக்காது சார், ரெண்டு தடவை கழட்டினா போயிடும். பித்தளை போட்டா ஆயுசுக்கும் நிக்கும்" என்றார். வீட்டுக் குழாய்க்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் இந்த விஷயத்தில் கவனம் வேண்டும். அவர் நல்லது நினைத்துச் செய்வார், வெளியிலிருந்து பார்த்தால் நமக்கும் தெரியாது. ஃபிட்டிங் ஒவ்வொன்றையும் உள்ளே பார்த்து வாங்குவதும், சாமான் பட்டியலில் "பித்தளை இன்சர்ட் இல்லாதது" என்று எழுதிக் கொடுப்பதும் நம் வேலை. அதேபோல ஹோஸ் கிளிப்பும். ஸ்டீல் என்று சொல்லி விற்பது உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் கிளிப் கிடைக்கிறது.

கடையில் கிடைக்கும் குழாய்கள் மூன்று வகை. வெந்நீருக்கான சிபிவிசி, மங்கலான சந்தன நிறத்தில் இருக்கும். விலை அதிகம், நமக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை. விவசாயத்துக்கும் கழிவுநீருக்கும் போகும் பிவிசி, மி.மீ. கணக்கில் வரும், விலை குறைவு. வீட்டுத் தண்ணீருக்கான வெள்ளை யுபிவிசி, அங்குலக் கணக்கில் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று (குழாய்ச் சுவரின் தடிமன் வகை) வரும். நமக்கு இந்த மூன்றாவதில் ஷெட்யூல் 40 போதும். எல்போ, டீ, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஒன்றில் ஜாக்கிரதை. வெள்ளை யுபிவிசியில் 1 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. வெளிநாட்டிலிருந்து வரும் தொட்டி ஃபிட்டிங்குகளில் பல 32 மி.மீ. கணக்கு. ஒன்றரை அங்குலம் என்பது 48.3; அவர்களிடம் அது 50. கையில் பிடித்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒட்ட வைத்தால் ஒன்று நுழையாது, இன்னொன்று ஆடும். சால்வென்ட் சிமெண்டை நிறையப் பூசி இடைவெளியை அடைத்தால் இன்று நிற்கும், ஆறு மாதத்தில் கசியும். ஒன்று, தொட்டி ஓட்டையில் பொருத்தும் டேங்க் நிப்பிளிலிருந்து வால்வுவரை ஒரே அளவுமுறையில் வாங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிளாஸ்டிக் த்ரெட் வைத்து இணைக்க வேண்டும்.

வளையும் ஹோஸா, விறைப்பான குழாயா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பம்பிலிருந்து முதல் ஒரு அடி சிலிக்கான் ஹோஸ் போட்டால் பம்பின் அதிர்வு கேபினட்டுக்கு ஏறாது. மீதிக்கு விறைப்பான குழாய். திருப்பங்களில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வைத்தால் தண்ணீருக்குத் தடை கொஞ்சம் குறையலாம். யூனியன் போடுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு வால்வுக்கும் பம்புக்கும் பக்கத்தில் ஒரு யூனியன் இருந்தால் பின்னாளில் ஹாக்சா தேட வேண்டியிருக்காது.

தண்ணீர் ஏறும் வழி

பம்பு வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது உயரமே இல்லாமல் தள்ளினால் வரும் எண். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம்வரை உள்ள உயரம், நம் கணக்கில் 5 அடிக்குப் பக்கம், அதோடு எல்போக்களின் தடை. 3,400 லிட்டர் மேலே வந்து சேர வேண்டுமென்றால் அதைப்போல் இருமடங்கு எழுதிய பம்பைப் பாருங்கள், அதோடு தரும் வரைபடத்தில் அந்த உயரத்துக்கான எண்ணையும் பாருங்கள்.

ஏசி பம்பா, டிசி பம்பா? ஏசி பம்பு முரடு, வருடக்கணக்கில் ஓடும். டிசி பம்பின் கன்ட்ரோலரும் அடாப்டரும் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் முதலில் போகும். ஆனால் டிசியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மெல்லக் கிளம்பும், இன்வர்ட்டரில் எந்தத் தொந்தரவும் தராது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஏசி பம்பை ஓட்டினால் உறுமும், சூடாகும். சைன் வேவ் வேண்டும். டிசி பம்பை எடுத்துக்கொண்டு, உதிரி அடாப்டர் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவதே என் யோசனை.

அடுத்தது தண்ணீர் திரும்பி இறங்கும் பிரச்சினை. பம்பு நின்றதும் ஏறும் குழாயே சைஃபனாக மாறி, அதன் வாய் காற்றைத் தொடும்வரை தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். 6 அடிக்கு 2 அடித் தொட்டியில் ஒரு அங்குலம் என்பது சரியாக ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர். வாய் நான்கு அங்குலம் ஆழத்தில் இருந்தால் 113 லிட்டர் இறங்கும். பலர் இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். புது வால்வு பிடிக்கும். அதன் கதவில் ஒரு புழுக்கூடோ, சுண்ணாம்புப் படிவமோ ஒட்டிய நாளிலிருந்து பிடிக்காது. வால்வு போடுவது உங்கள் இஷ்டம், ஆனால் அது இல்லை என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள். வாயை நீர்ப்பரப்புக்கு ஒரு அங்குலத்துக்குள் வையுங்கள். ஓவர்ஃப்ளோ விளிம்புவரை இறங்குவதும் சேர்ந்து இரண்டு அங்குலம், 57 லிட்டர். பெட்டியிலும் குழாயிலும் உள்ளதோடு 70 என்று வைத்துக்கொள்ளலாம். சம்ப் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 16 அங்குல உயரம் என்றால், 9 அங்குலத்துக்கு நீரை ஓடவிட்டு மேலே ஏறக்குறைய 100 லிட்டர் இடம் காலியாக இருக்கும். போதும்.

சம்ப்பை சர்வீஸ் பால்கனியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சத்தமும் ஈரமும் ஹாலில் இருக்காது, உண்மைதான். ஆனால் சைஃபன் குழாய் பத்துப் பன்னிரண்டு அடி படுக்கையாக ஓட வேண்டும். அதற்குள் சிக்கிய காற்று வெளியேற நேரமாகும். நம் இரண்டாவது கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. மேற்குப் பார்த்த பால்கனி என்றால் மதிய வெயில் வேறு. சுவரில் கோர் கட்டிங் செய்ய அசோசியேஷன் அனுமதியும் வேண்டும். தனி வீட்டுக்காரர்கள் தவிர மற்றவர்களுக்குக் கேபினட்தான்.

சில்லர்: எங்கே இணைப்பது?

ரீஃப் தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்தில் நம் ஹால் அதைவிட ஏழெட்டு டிகிரி மேலே. மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் பவளங்கள் வெளுத்தன. 680 லிட்டர் எம்மாத்திரம். ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது கோயம்புத்தூரில் ஓரளவு எடுபடும். சென்னையின் ஈரக்காற்றில் ஆவியாவதே குறைவு. தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வேண்டும், அதன் உள்ளே இருக்கும் சுருள் குழாய் டைட்டேனியமாக இருக்க வேண்டும். உள்ளூரில் செய்து தருபவர்களிடம் அந்தச் சுருள் என்ன உலோகம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஏறும் குழாயிலேயே சில்லரை இணைத்தால் ஒரு பம்பு மிச்சம். ஆனால் சில்லரின் தடையால் மேலே போகும் தண்ணீர் குறையும், பம்பின் வேகத்தை மாற்றும்போதெல்லாம் சில்லருக்குள் போகும் அளவும் மாறும். தனிப் பம்பு வைத்து சம்ப்பிலிருந்து எடுத்து சம்ப்புக்கே திருப்பினால், கையேட்டில் சொன்ன அளவுத் தண்ணீர் எப்போதும் ஓடும். கொஞ்சம் கரண்ட் கூடச் செலவாகும். இன்வர்ட்டர் கணக்கில் பார்த்தால் தனிப் பம்புதான் சரி: ஏறும் பம்பை இன்வர்ட்டரில் போடலாம், சில்லரையும் அதன் பம்பையும் மெயினில் விடலாம். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் இப்படிப் பிரிக்க முடியாது. சில்லரைக் கேபினட்டுக்குள் மட்டும் வைக்காதீர்கள். அது வெளியே தள்ளும் சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

இன்வர்ட்டரில் முதலில் ஏற வேண்டியது வேவ்மேக்கர். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டிசம்பரில் சூடு பிரச்சினையில்லை. மீன்களுக்கு முதலில் தீர்வது ஆக்சிஜன். 20 வாட் வேவ்மேக்கர் ஒன்று நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டிருந்தால் போதும். 150 ஏஎச் பேட்டரி ஓர் இரவு முழுக்க அதைத் தாராளமாக ஓட்டும்.

உயிர்களை உள்ளே விடும் முன்

குழாய் ஒட்டி ஒரு நாள் காய்ந்த பிறகு, உப்புப் போடாத வெறும் தண்ணீரை நிரப்புங்கள். ஓடவிட்டு சம்ப் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. மெயினை அணையுங்கள். தண்ணீர் இறங்கி நின்றதும் இரண்டாவது கோடு. அந்தக் கோடு சம்ப்பின் விளிம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்விக்கான பதில். பிறகு மெயினைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். வால்வைத் தொடாமல் சைஃபன் பிடிக்கிறதா? ஐந்து நிமிடம் அணைத்து, ஒரு மணி நேரம் அணைத்து, அணைத்த வேகத்தில் உடனே போட்டு என்று எல்லா வகையிலும் செய்யுங்கள். சைஃபனின் வாயை ஒரு துணியால் அடைத்துவிட்டு மற்றக் குழாய்கள் தாங்குகின்றனவா என்றும் பாருங்கள். சம்ப் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் கிளம்பும் ஸ்கிம்மர் கப்பைத் தாண்டி வழியும். அதற்கு மட்டும் பத்து நிமிடம் தாமதமாக ஆன் ஆகும் டைமர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பாறை வாங்கும்போது ஒரு விஷயம். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் எடுத்த "லைவ் ராக்" (உயிரினங்கள் குடியேறிய பாறை) என்று யாராவது சகாய விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். செயற்கைப் பாறையைப் பழைய தொட்டியின் சம்ப்பில் சில வாரம் போட்டு வைத்தாலே பாக்டீரியா குடியேறிவிடும். இறக்குமதிப் பவளத்துக்கும் 2022 திருத்தத்துக்குப் பிறகு பதிவு தேவைப்படலாம், கடைக்காரரிடம் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றும் நாளில் பழைய பாறையும் மீன்களும் வரட்டும், பழைய மணல் வேண்டாம். வருடக்கணக்கில் கிடந்த மணலைக் கிளறினால் அடியில் தேங்கிய அழுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தண்ணீரில் கலக்கும். முடிந்தால் இரண்டு தொட்டிகளையும் ஒரு மாதமாவது சேர்த்து ஓட்டிவிட்டு, பாறையை முதலிலும் மீனைக் கடைசியிலும் கொண்டுவாருங்கள். 4 அடித் தொட்டியை உடனே விற்றுவிடாதீர்கள். புதிதாக வாங்கும் மீன்களை முதலில் தனியாக வைத்துப் பார்க்க அது உதவும்.